பாதி மிச்சம் இருந்த போத்தல்

தேர்வுக்கு முதல் நாள் மட்டும் புத்தகத்தைத் தொடும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு ஆகாது. "வருஷமெல்லாம் தூங்கிட்டு இன்னைக்கு மட்டும் விழுந்து விழுந்து படிச்சா யாரை ஏமாத்துற?" என்று கத்துவேன். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த எங்கள் தமிழ்ப் பள்ளியில் நான் போடும் சத்தம் தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும். அதே காலத்தில் என் கண் விஷயத்தில் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு நாற்பத்தைந்து வயது. எழுத்து மங்குகிறது, கண்ணாடி எழுதி வாங்கலாம் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இளையவர். என்னைப் படுக்க வைத்து, கண்ணை மரத்துப்போகச் செய்து, சின்னக் கருவி ஒன்றைக் கருவிழியின் மேல் நிறுத்தினார். கண்ணுக்குள் அழுத்தம் கூடுதல் என்றார். பிறகு ஒரு கறுப்புத் துணித் திரைக்கு முன்னால் உட்காரச் சொன்னார்கள். நடுவில் இருந்த புள்ளியை விட்டுப் பார்வையை எடுக்கக் கூடாது. நர்ஸ் குச்சி முனையில் ஒரு வெள்ளை மணியை வைத்துக்கொண்டு ஓரங்களில் நகர்த்துவார், மணி தெரிந்தால் நான் சொல்ல வேண்டும். இடது கண்ணுக்குச் சில இடங்களில் மணி தெரியவில்லை.

"உள்ளுக்கு இருக்கிற நரம்பு கொஞ்சம் செத்துப்போச்சு, ஐயா. செத்தது திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாத்தத்தான் இந்த மருந்து. ஒரு நாளைக்கு நாலு தரம் விடவேணும்," என்றார் டாக்டர்.

வலி கிடையாது, சிவப்பு கிடையாது, எனக்குத் தெரிந்து ஒரு குறையும் கிடையாது. மருந்தை விட்ட பிறகுதான் தொல்லையே ஆரம்பித்தது. புருவத்துக்கு மேல் வலித்தது. கண்பாப்பா சுருங்கிக் கடுகளவு ஆகிவிடும், பட்டப்பகலில் அறை இருட்டிவிடும். கட்டுரை நோட்டுகளைத் திருத்த முடியாமல் தவித்தேன். மருந்து விடாத நாளில் பக்கம் பளிச்சென்று இருந்தது. இதென்ன மருந்து, இருக்கிற பார்வையையும் கெடுக்கிறதே என்று எரிச்சல் வந்தது. ஒரே மாதத்தில் நிறுத்திவிட்டேன்.

"சொட்டு மருந்து போட்டீங்களா?" என்று மனைவி கேட்பாள்.

"போட்டாச்சு லா, போட்டாச்சு. எத்தனை தடவை கேப்ப?"

மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரைப் பார்க்க வேண்டும். அன்று காலையில் மட்டும், குவீன்ஸ்டவுன் வீட்டில் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால், இரண்டு கண்ணிலும் தாராளமாக விட்டுக்கொள்வேன். அழுத்தம் அடக்க ஒடுக்கமாக இறங்கியிருக்கும். "பிரஷர் நல்லா இருக்கு, ஐயா. மருந்தை இப்பிடியே விடுங்கோ," என்பார் டாக்டர். நான் தேக்கா சந்தையில் இறங்கி ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். பாஸாகிவிட்டேன் அல்லவா?

அந்த வருடம் எனக்கு ஐந்தாம் வகுப்பைக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் பள்ளி விடும் நேரத்தில், எனக்கு இடது ஓரப் பெஞ்சில் உட்காரும் ஒரு பெண்ணின் தாயார் வந்து நின்றார். பக்கத்துத் தெருச் சலவைக் கடையில் துணி தேய்ப்பவர்.

"சாருக்கு என் பொண்ணு மேல என்ன கோவம்? தெனமும் கையைத் தூக்குறாளாம். நீங்க திரும்பியே பாக்க மாட்டேங்கிறீங்களாம். வீட்டுக்கு வந்து அழுவுது."

"தூக்கினா எனக்குத் தெரியாதா? எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு?" என்று சீறினேன்.

"எம்பொண்ணு பொய் சொல்லாது சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பிள்ளைக்குச் செல்லம் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு மனைவியும் வந்திருந்தாள். அழுத்தம் வழக்கம்போல நன்றாக இருந்தது. ஆனால் கறுப்புத் திரைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார வைத்தார்கள். டாக்டர் நர்ஸ் குறித்துக் கொடுத்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது, வலது கண்ணிலும் மூக்குப் பக்கம் தொடங்கிவிட்டது என்றார்.

"பிரஷர் ஒவ்வொரு தரமும் நல்லாத்தானே இருந்தது. நான் எங்கையோ பிழை விட்டிட்டன் போல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புது மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

மனிதர் வருத்தப்படுகிறாரே என்று எனக்குப் பெருந்தன்மை பொங்கியது. காலையில் விட்டுக்கொண்டு சட்டைப் பையில் போட்டிருந்த போத்தலை எடுத்து நீட்டினேன். "புதுசு வேண்டாம் டாக்டர். போன தடவை குடுத்ததே பாதி மிச்சம் இருக்கு. புதுசை வேற யாருக்காச்சும் குடுங்க."

டாக்டர் போத்தலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"முழுப் போத்தலும் ஒரு மாசத்துக்குத்தான் காணும், ஐயா," என்றார்.

அதை வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. மனைவி என் பக்கம் திரும்பினாள். "போட்டாச்சு போட்டாச்சுன்னு சொன்னீங்களே," என்றாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் திட்டியிருந்தால் தேவலாம். "இடது கண்ணிலை போனதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது. மிச்சத்தை நீங்கள்தான் காப்பாத்தவேணும்," என்று மெதுவாகச் சொன்னார். வகுப்பில் காதைத் திருகி நிறுத்தி வைத்த அத்தனை பிள்ளைகளும் நினைவுக்கு வந்தார்கள்.

பஸ்ஸில் வரும்போதுதான் அந்த இடது ஓரப் பெஞ்சு ஞாபகம் வந்தது.

மறுநாள் முதல் வேலையாக அந்தப் பெண்ணை வலது பக்கம் முன் பெஞ்சுக்கு மாற்றினேன். "சாருக்கு இடது பக்கம் கண் சரியாத் தெரியல. அவ கை தூக்கினது நெசம். நான்தான் பாக்கல," என்று வகுப்பு முழுவதற்கும் கேட்கச் சொன்னேன். வீட்டுக்குப் போகும் வழியில் சலவைக் கடைக்கும் போய் அதையே சொன்னேன். அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து நாலு வேளையும் தவறியதில்லை. பகல் வேளைச் சொட்டை வகுப்பிலேயே, பிள்ளைகள் பார்க்க, அண்ணாந்து விட்டுக்கொள்வேன். மீதமிருந்த பார்வை நிலைத்தது. இதை எழுதுவதும் அந்த வலது கண்ணின் தயவில்தான்.

வருடம் முடியும்வரை அந்தப் பெண்ணின் பெஞ்சைப் பார்த்து தினமும் ஒரு கேள்வியாவது கேட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து சரியாகப் பதில் சொல்வாள். கையை மட்டும் தூக்கவே இல்லை.