மூன்றாவது ஸ்லைடு

முதலில் இறக்கைகளைக் கத்தரிப்பார். பிறகு பூச்சியைப் பீங்கான் கல்வத்தில் போட்டு, சில சொட்டு மருந்து நீர் விட்டு, தேநீருக்கு இஞ்சி தட்டுகிற பக்குவத்தில் நசுக்குவார். "வா தாயி" என்று அடுத்ததை எடுப்பார். அந்த வாஞ்சையான அழைப்புக்கும் அதையடுத்து நடப்பதற்கும் உள்ள தூரம் ஜெயகுமாரியை உறுத்தியதாகத் தெரியவில்லை. தாய்ப்பூச்சி என்பது தொழிலில் வழங்கும் பெயர்தான். முட்டையிட்டு முடித்த பெண் அந்துப்பூச்சி. அதற்கு இனி வேலையில்லை, ஜெயகுமாரிக்கு இனிமேல்தான் வேலை.

ராமகுப்பத்தில் சிட்டிபாபு நடத்தும் பட்டுப்புழு முட்டை நிலையத்தில் ஜெயகுமாரி பரிசோதகர். சுற்றுவட்டாரத்தில் மல்பெரி போட்டிருப்பவர்கள் புழு வளர்க்க இங்கேதான் முட்டை வாங்குகிறார்கள். தாய்க்கு பெப்ரின் என்ற நோய் இருந்தால் அது முட்டைக்குள்ளேயே இறங்கிவிடும். முட்டையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நோயுள்ள முட்டையும் அழகாகத்தான் இருக்கும். ஆகவே தாயை நசுக்கி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நோய் இருந்தால் அதன் கிருமி நொய்யரிசி போல நீள்வட்டமாக மின்னும். மின்னியது என்றால் அந்தத் தொகுதி முட்டை முழுவதும் அன்றைக்கே அடுப்புக்குப் போகும். நோய் இருக்கக் கூடாது என்று ஊரே வேண்டிக்கொள்ள, அது இருக்கிறதா என்று தேடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர் அவர்.

அவர் குடும்பம் சித்தூரின் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தது. திருப்பதியில் தங்கி விலங்கியல் படித்தார். தேர்வு வந்தால் விடுதித் தோழிகள் மலையேறிக் கும்பிட்டுவிட்டு வருவார்கள். இவர் உபவாசம் இருப்பார். "கடைசியில எல்லாருக்கும் செகண்டு கிளாஸ்தான்" என்று இன்றைக்கும் எந்தத் தரப்பையும் நோகடிக்காத நிதானத்தோடு சொல்கிறார்.

பூச்சிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. விடியற்காலையில் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவது அவற்றின் வழக்கம். அன்றைக்கு ஆராதனை இருக்கிறது என்று அவற்றிடம் சொல்ல முடியாது. அதனால் ஜெயகுமாரி கோயிலுக்குள் நுழையும்போது இரண்டாம் பாட்டு முடிந்திருக்கும். கடைசி பெஞ்சில் உட்காருவார். புடவையில் பூச்சி இறக்கையின் வெள்ளைத் தூள் அப்பியிருக்கும். சபை முழுவதும் தலைகுனிந்து மௌன ஜெபத்தில் இருக்கும்போது அந்தத் தூள் தன் வேலையைக் காட்டும், அடுக்காகத் தும்முவார். போதகர் இப்போதெல்லாம் தும்மல் ஓய்ந்த பிறகுதான் "ஆமென்" சொல்கிறார்.

போதகரை அந்தச் சபையில் 'ஐயர்' என்றுதான் அழைப்பார்கள். ஐயருக்கு ஜெயகுமாரியின் தொழில் மிகவும் பிடித்துப்போய், ஜென்ம பாவத்தைப் பற்றிப் பேசிய ஒரு ஞாயிறு பெப்ரினை உவமையாக எடுத்துவிட்டார். தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவது, வெளியே தெரியாதது, நெருப்பில் முடிவது என்று எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. வாசலில் கைகுலுக்கும்போது ஜெயகுமாரி கையை விடாமல் சொன்னாராம்: "புழு இன்னா பாவம் பண்ணுச்சி ஐயரே? அது சீக்கு. உங்க சரக்கு வேற, எங்க சரக்கு வேற." மறுவாரம் ஐயர் உவமைக்குக் களைச்செடியைத் தேடிப் போய்விட்டார்.

இதை வைத்து, அவர் பக்தியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு வரும் ரகம் என்று நினைத்தால் தவறு. மாலையில் நுண்ணோக்கிக்கு உறை போட்டதும், அன்று தேறிய முட்டை அட்டைகளின் எதிரில் சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். யார் வாங்கிப் போவார்கள் என்று தெரியாத அந்த முட்டைகளுக்காக வெகு நேரம் ஜெபிக்கிறார். ஆனால் காலையில், பார்ப்பதற்கு முன்னால், ஒரு வார்த்தை கிடையாது. ஏன் என்று கேட்டேன். "கேட்டுட்டுப் பாத்தா, கேட்டதுதான் தெரியும். பாத்துட்டு எவ்ளோ வேணா கேட்டுக்கலாம்" என்றார்.

கருவிக்கும் அதே நியாயம்தான். ஆயுத பூஜைக்கு சிட்டிபாபு நுண்ணோக்கிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தபோது, மேசைக்கு வையுங்கள், லென்ஸுக்கு வேண்டாம் என்று தடுத்தார். புது வருஷத்துக்குப் பிரதிஷ்டை செய்ய எண்ணெய்க் குப்பியோடு வந்த ஐயருக்கும் அதே பதில்: எண்ணெய் பட்டால் துடைக்க முடியாது. மத நல்லிணக்கத்தை இதைவிடச் சிக்கனமாக யாரும் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை.

நான் போயிருந்த அன்று பரிசோதனைக்கு வந்திருந்தது சைமனின் தொகுதி. ஜெயகுமாரியின் கணவர் பிரகாசத்தின் தம்பிதான் சைமன். சத்தியவேட்டுப் பக்கம் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்து மல்பெரி போட்டவர். நூலுக்கான கூடு யாரும் வளர்க்கலாம். முட்டைக்கான விதைக்கூடு வளர்ப்பது மரியாதையான காரியம், சுத்தமான கைக்குத்தான் கொடுப்பார்கள். சைமனுக்குப் போன முறை நோய் விழுந்துவிட்டது. இந்த முறையும் விழுந்தால் அவரிடம் விதைக்கூடு வாங்க மாட்டோம் என்று சிட்டிபாபு முன்பே சொல்லியிருந்தார். அதனால் சபையே சைமனின் புழுக்கொட்டகையில் கூடி ஜெபித்தது. ஜெயகுமாரி மட்டும் போகவில்லை. சளி என்றார். தும்மலுக்குப் பேர்போனவர் என்பதால் காரணம் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவரும் நம்பவில்லை.

முதல் ஸ்லைடில் நொய்யரிசி மின்னியது. அதுவே போதும், ஆனாலும் ஜெயகுமாரி நிறுத்தவில்லை. வேறு பூச்சிகளை நசுக்கிப் போட்ட இரண்டாவதிலும் மின்னியது. மூன்றாவது சுத்தமாக இருந்தது. அவர் வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்று தயாரித்தார். அதில் மறுபடி மின்னியது. சிட்டிபாபு எட்டிப் பார்த்து, "மீ இஷ்டம் மேடம்" என்று தெலுங்கில் முடிவை அவர் தலையிலேயே வைத்துவிட்டு, "உங்க வூட்டு ஆளு" என்று தமிழில் சேர்த்துக்கொண்டு வெளியே போனார். கோபித்திருந்தால்கூட ஜெயகுமாரிக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஜெயகுமாரியே அடுப்பு மூட்டச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அடுப்பு பற்றுவதற்குள் சைமன் வந்துவிட்டார். செருப்பை வாசலில் விட்டு, நோய் உள்ளே வராமல் இருக்கத் தூவிய சுண்ணாம்புத் தூளில் கால் வைத்து, முறைப்படிதான் உள்ளே வந்தார். குரல் மட்டும் முறைப்படி இல்லை.

"நாலு தபா பாத்தீங்களாமே அண்ணி?"

"பாத்தேன். மூணுல இருக்குது. ஒண்ணுல இல்ல." மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

"இல்லாதது எது?"

"மூணாவது. அத்த நான் சேக்கல."

ஏன் என்று சைமன் கேட்டார். ஜெயகுமாரி கல்வத்தைக் கழுவித் துடைத்தார். "அத்தப் பாக்கறதுக்கு முன்னாடி கேட்டுட்டேன் சைமன். உனக்காக. வாயத் தொறக்கல, மனசுக்குள்ள. அப்புறம் பாத்தா ஒண்ணுமே இல்ல. பயந்துட்டேன்."

சைமன் சிரித்தார், சந்தோஷச் சிரிப்பு இல்லை. "கர்த்தர் குடுத்த பதில எடுத்து அப்பால வெச்சிட்டீங்க."

"அவர் குடுத்தாரா, என் கண்ணு குடுத்துச்சான்னு எனக்குத் தெரியலயே."

"சபையே முட்டி போட்டுச்சி. நீங்க ஒருத்தர்தான் வரல."

"வந்திருந்தா இந்த ஸ்டூல்ல உக்கார எனக்கு யோக்கியத கெடயாது." அதுவரை தாழ்ந்திருந்த குரல் இப்போது கொஞ்சம் ஏறியது. "இத்த வாங்கிக்கினு போறவன் பேரு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. புத்தலப்பட்டுல இருப்பான், வேற எங்கயாச்சும் இருப்பான். அவன் புழு ராவும் பகலும் துன்னுட்டு, கூடு கட்டாம சாவும். அவனுக்காக எந்த சபை முட்டி போட்டுச்சி?"

மூன்றாவது ஸ்லைடு ஏன் சுத்தமாக இருந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. நோய் எல்லாத் தாய்களிடமும் இருக்க வேண்டும் என்பதில்லை. நசுக்கியவற்றில் சில நல்ல பூச்சிகளாக இருந்திருக்கலாம். ஜெயகுமாரிக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த விளக்கத்தைச் சொல்லியிருந்தால் மைத்துனரின் வாயை ஒரே நொடியில் அடைத்திருக்கலாம். அவர் அதைச் சொல்லவில்லை. தனக்கே தீராத ஒன்றைத் தீர்ந்ததாகக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை போலிருக்கிறது.

"நானே பாக்கறேன்" என்றார் சைமன்.

தொகுதியிலிருந்து சைமனே பூச்சிகளைப் பொறுக்கட்டும் என்று ஜெயகுமாரி தட்டை நீட்டினார். சைமன் எடுத்துக் கொடுத்தவற்றின் இறக்கைகளைக் கத்தரித்தார், நசுக்கினார், சொட்டு வைத்து மெல்லிய கண்ணாடியால் மூடினார். "தாயி" என்று அழைக்கவில்லை. ஒரு தரம் பார்த்து, குமிழைத் திருப்பித் தெளிவாக்கிவிட்டு, வேறு யாரையும் உட்கார விடாத அந்த ஸ்டூலிலிருந்து எழுந்துகொண்டார். என்ன தெரிந்தது என்று அவர் முகத்தில் படிக்க முடியவில்லை.

சைமன் உட்கார்ந்து குனிந்தார். குனிந்தவர் அசையவில்லை. பக்கவாட்டிலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: நுண்ணோக்கியின் மேல் வைத்திருந்த இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன, உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

ஜெயகுமாரியும் கவனித்துவிட்டார். தோளைத் தொடப் போகிறார் என்று நினைத்தேன். தகரக் கூரைக்குக் கீழே நண்பகல் வெக்கை. தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சொட்டு அந்தக் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த சொட்டில் நோயும் தெரியாது, நோயின்மையும் தெரியாது. சைமனின் ஜெபம் நீண்டுகொண்டே போனது. ஜெயகுமாரி ஓசையில்லாமல் சுவர்ப் பக்கம் நடந்து போய் மின்விசிறியை நிறுத்தினார்.