கடலில் பெண்கள் பக்கம்

சீசன் வேன் ஓட்டுகிறவனுக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளி என்றாலும், படியளப்பது மேகம்தான். மழையை நம்பிப் பிழைப்பவர்களே, உங்களுக்கு இது புரியும்.

காய்ந்த பாறை

எண்பதுகளில் ஒரு வருஷம், ஆடி பிறந்தும் குற்றாலத்தில் சாரல் இல்லை. அருவி விழுகிற இடத்தில் பாறை காய்ந்து கிடந்தது. தென்காசி ஸ்டாண்டில் என் வேன் சும்மா நின்றது. வண்டியை விற்றுவிட்டால் என் வேலையும் போகும். மணப்பாட்டுக்கு ட்ரிப் அடிக்கலாமே என்று முதலாளியிடம் கெஞ்சினேன். பழைய கடலோர ஊர், மணல் குன்றின் மேல் சிலுவைக் கோயில், கீழே குகை, கரையெல்லாம் மீன்பிடிப் படகு என்று அளந்துவிட்டேன்.

அவர் காதைக் குடைந்துகொண்டே சொன்னார்: "ஏலே, அருவிக்கு வாரவன் கடலுக்கு வருவானா? ஆடி முடியுததுக்குள்ள வண்டி நிறையலன்னா வித்துருவேன், பாத்துக்க."

எண்ணெய்க் குளியல்

முதல் ட்ரிப்பில் பாதி வண்டிதான் நிறைந்தது. முதலாளியும் வேவு பார்க்க முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ராயகிரியிலிருந்து வந்திருந்த விவசாயி ஒருவர், குளியல் என்றாலே குற்றாலக் குளியல் என்று நினைத்து, இறங்கியதும் தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டார். முதல் அலையே அவரைப் புரட்டிவிட்டது. எழுந்தபோது உடம்பு முழுக்க மணல்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் சிரித்துவிட்டார்: "அண்ணாச்சி, நாங்க மீனத்தான் எண்ணெயில போடுவோம். நீங்க போட்டுக்கிட்டே வந்துட்டியளே!"

பெண்கள் பக்கம்

இலத்தூர் செல்லம்மா தன் தெருப் பெண்கள் நாலைந்து பேரைக் கூட்டி வந்திருந்தார். கரையில் நின்று இடமும் வலமும் பார்த்துவிட்டு, பெண்கள் குளிக்கிற பக்கம் எது என்று கேட்டார். அருவியில் அப்படித்தானே பிரித்திருக்கிறது! நான் வேனைக் காட்டி, அதற்குத் தெற்கே பெண்கள், வடக்கே ஆண்கள் என்று அதிகாரமாகச் சொல்லிவைத்தேன்.

கால் நனைத்ததும் செல்லம்மாவுக்கு இன்னொரு கவலை வந்தது: "அது சரி, தண்ணி கூடுதலா வந்தா விசில் ஊதி வெளிய ஏத்த போலீசு யாரும் இல்லியே?"

குகைத் தண்ணீர்

குன்றடியில் உள்ள குகைக் கிணற்றில் நல்ல தண்ணீர். பத்தடி தள்ளிக் கடல் இரைகிறது, இது எப்படி உப்புக் கரிக்காமலிருக்கும் என்று செல்லம்மா நம்பவே இல்லை. ஒரு வாய் குடித்தார். மறுபடி வாங்கிக் குடித்தார். பிறகு வெளியே வந்து கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கடல் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அவர் சொன்னது: "குத்தாலத்துல கொஞ்சத்த இங்கனயும் கொண்டாந்து வச்சிருக்காவளே!"

சாரல்

திரும்பி வரும்போது, தென்காசி நெருங்கையில் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாகச் சாரல். வண்டியே கைதட்டியது. இனி அருவி விழும், கடலுக்கு எவன் வருவான்? அன்று சாரலுக்கு வயிறு எரிந்த ஒரே தென்காசிக்காரன் நான்தான். முதலாளி என்னைப் பார்த்து, சொன்னேனில்லையா என்பதுபோல் சிரித்தார்.

பின்சீட்டிலிருந்து செல்லம்மாவின் குரல் வந்தது: "டிரைவர் தம்பி, அருவி நம்ம வீட்டுப் பிள்ள, எங்கன போயிரப் போவுது? வார ஞாயித்துக்கிழம எங்க தெருவுக்கே இந்த வண்டிய விடுங்க. எங்க மதினி இன்னும் கடல் பாக்கல!"

வண்டி தப்பித்தது, நான்தான் மாட்டிக்கொண்டேன்: கடலைப் பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் என்று பிரித்துக் கொடுப்பது கடைசிவரை என் வேலையாகவே ஆகிவிட்டது.