லேப் அக்காவின் கிராபிக்ஸ் கார்டு

செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்து, கைப்பேசியில் கம்ப்யூட்டருக்கான மதர்போர்டு விலை பார்க்கிறார் லேப் அக்கா. வீடு மேலே. கதவைத் திறந்துவிட்டால் அடுப்பு, துணி, மாமனாரின் மாத்திரை என்று ஒவ்வொன்றும் கையைப் பிடித்து இழுக்கும். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இந்தப் படியில். நேற்றுப் பார்த்த அதே போர்டுதான். விலை இறங்கியிருக்குமா என்று ஒரு நப்பாசை. இறங்கியிருக்காது. முட்டியில் கையை ஊன்றி எழுந்துகொள்வார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை அவருக்கு. ஜன்னல் இல்லாத சின்ன அறை. காலையில் வெறும் வயிற்றோடு வந்து நிற்கும் கூட்டத்துக்கு மூக்குக்கு மேல் கோபம். "கைய நீட்டுங்க, விரல மடக்குங்க, அந்தப் பக்கம் பாருங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். "எடுத்தாச்சா?" என்பார்கள் நம்பாமல். "இல்ல, இப்பத்தான் யோசிச்சிட்டிருக்கேன்" என்பார் சிரிக்காமல். சாயங்காலத்துக்குள் நகைச்சுவையும் வற்றிப்போய்விடும்.

இந்த அலுப்புக்கு அவர் கண்டுபிடித்த மருந்து கார்ப் பந்தயம். நிஜத்தில் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. கம்ப்யூட்டரிலோ கொட்டுகிற மழையில், மலைப்பாதையில், சேறு தெறிக்கப் பறப்பார். வெளியூரில் படிக்கும் மகள் எப்போதோ ஏற்றிவைத்த விளையாட்டு அது. மகள் மறந்துவிட்டாள், அம்மா பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் யாரும் அவர் முன்னால் கை நீட்டுவதில்லை, யாருக்கும் வலிப்பதில்லை. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் கிழடாகிவிட்டது. "வளைவுல கரெக்டாதான் திருப்புறேன். படம் அப்படியே நின்னுடுது. திரும்ப வர்றப்போ பாத்தா நான் பள்ளத்துல கெடக்கேன்" என்பார், நிஜமாகவே அடிபட்டவர் போல.

கூடுதல் வேலை பார்த்துச் சேர்த்ததில் புதிதாக ஒன்று வாங்கலாம் என்று வாயைத் திறந்தாரோ இல்லையோ, அவர் எழுதிவைத்த பட்டியலில் வீடே கை வைத்தது. மாமனாருக்கு பிரின்டர் வேண்டும். மகளுக்கு, லீவுக்கு வரும்போது படம் பார்க்கப் பெரிய திரை வேண்டும். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். தங்கமான மனிதர்தான், செலவு என்றால் மட்டும் உயிர் போய்விடும். "வீட்டுக்குன்னு வாங்குறோம், எல்லாருக்கும் ஆகணும்ல?" என்றார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ரேம் பாதியானது. டிஸ்க் சிறியதானது. கடைசியில் மிஞ்சியது கிராபிக்ஸ் கார்டு ஒன்றுதான். அதுதான் படம் நிற்காமல் ஓடவைத்து அவரைப் பள்ளத்தில் விழாமல் காப்பாற்றக்கூடிய பொருள். கணவரின் கண் அதன்மேலும் விழுந்தது. "மெயில் பாக்க, பில்லு கட்ட இது எதுக்கும்மா?"

சண்டை போடுகிற தெம்பு அக்காவுக்கு எப்போதோ போய்விட்டது. அதற்காக விட்டுவிடவும் இல்லை. படியில் உட்கார்ந்து, கண்டவர்கள் எழுதியதையெல்லாம் படித்து, ஒரு பிராசஸரைப் பிடித்தார். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கார்டு இல்லாமலே திரையில் படம் காட்டிவிடும். இன்னொன்றுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கார்டு போடாவிட்டால் திரை இருட்டுத்தான். அதனாலேயே விலை குறைவு. "ஏங்க, இது மலிவு" என்று இரண்டாவதைக் காட்டினார். கணவருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களாப்பா, இப்படித்தான் தேடி வாங்கணும்" என்று மாமனாரிடம் போய்ப் பீற்றிக்கொண்டார். ஏன் மலிவு என்பதை அக்கா சொல்லவில்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

கடையில் கேள்விகளெல்லாம் அக்காவுடையவை. விற்பனையாளரின் பதில்களெல்லாம் கணவருக்கே போய்ச் சேர்ந்தன. பட்டியலைப் பார்த்த விற்பனையாளர் நெற்றியைச் சுருக்கினார்.

"சார், கார்டு போடலேன்னா இந்த பிராசஸர்ல படமே வராதே. கொஞ்சம் மேல குடுத்தா உள்ளயே கிராபிக்ஸ் இருக்குறதை வாங்கிக்கலாம். கார்டு செலவு மொத்தமும் மிச்சம்."

கணவர் மெதுவாகத் திரும்பினார். கோபமில்லை. ஓடாத லிஃப்டில் வயர் எங்கே மாறியிருக்கிறது என்று கண்டுகொண்ட பார்வை.

"இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

ஏதாவது காரணம் சொல்லத்தான் நினைத்தார். மகளின் படிப்புக்கு உதவும், நாளைக்குத் தேவைப்படும் என்று எத்தனையோ இருக்கின்றன. ஒன்றைக்கூட எடுத்து ஜோடிக்கத் தெம்பில்லை.

"எனக்கு வேணுங்க" என்றார். "மத்ததெல்லாம் உங்க எல்லாருக்கும். இது ஒண்ணு எனக்கு."

கணவர் கார்டின் விலைச்சீட்டைப் பார்த்தார். தாடையைத் தடவினார். "காசு இடிக்குதேம்மா" என்றார். அது மறுப்பில்லை, நிஜமாகவே இடித்தது.

அவர்களுக்காக அலமாரியிலிருந்து மேசையில் எடுத்துவைத்த கேபினெட், பாகங்களையெல்லாம் உள்ளே மாட்டுகிற பெட்டி, ஒரு பக்கம் கண்ணாடியும் உள்ளே நிறம் மாறும் விளக்குகளுமாக மினுக்கிக்கொண்டிருந்தது. எரிவதைக் காட்டுவதற்காக வயரை பிளக்கில் செருகி வைத்திருந்தார்கள். கணவருக்கு அதில் ஒரே மயக்கம். கூடத்தில் வைத்தால் வருகிறவர்கள் கண்ணுக்கு நன்றாயிருக்குமாம்.

"இது வேணாம். இந்தக் காசு கார்டுக்கு ஆகும்" என்றார் அக்கா.

விற்பனையாளர் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். "கேபினெட் இல்லாம எதுல மாட்டுவீங்க மேடம்?"

"போர்டு வர்ற அட்டைப்பெட்டி மேலயே வச்சு ஓட்டுறாங்க. படிச்சிருக்கேன்."

"தூசி ஏறுமே?"

"தொடச்சுக்கறேன்."

கணவர் ஏதோ சொல்ல வந்தார். அக்கா எட்டி வயரைப் பிடுங்கினார். விளக்குகள் அணைந்தன. கேபினெட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய், அலமாரியில் அது முன்பு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.