நீரூற்றில் நின்ற நைனா

பழவேற்காடு பஜாரில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் நீரூற்றின் நடுவில் வலை வீசிக்கொண்டு நிற்பவர் என் அப்பா. நாங்கள் நைனா என்போம். ஊர் பார்க்க வருகிறவர்கள் அந்தச் சிலையோடு படம் எடுத்துக்கொள்வார்கள். அது யாரென்று ஒருவரும் கேட்டதில்லை.

சென்னையிலிருந்து வந்த சிற்பி எங்கள் குப்பத்தில் ஆள் தேடியபோது நைனா தானாகவே போய் நின்றார். இரண்டு நாள் வீச்சு வலையோடு குனிந்து நின்றதில் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். சிற்பி அவருக்கு இல்லாத முறுக்கு மீசையையும் கட்டுமஸ்தான வயிற்றையும் தாராளமாக வழங்கியிருந்தார். தூண்டில் முள் கிழித்துப் பிளந்த வலது காது மட்டும் அப்படியே வந்திருந்தது. சிலையை ஏரிக்கு முதுகு காட்டி நிறுத்தியதில் நைனாவுக்கு மனக்குறை.

"ரோட்ல இன்னா மீனு கெடைக்கும் சார்?" என்று கேட்டாராம். பஸ்ஸில் இறங்குகிறவர்களுக்கு முகம் தெரிய வேண்டாமா என்றாராம் சிற்பி.

வலையிலிருந்து கிளம்பும் தண்ணீர் சிலையின் தலைமேல் வந்து விழுவதாக ஏற்பாடு. திறப்பு விழாவன்று விழுந்தது. பிறகு பெரிய அதிகாரிகள் வந்தால் மட்டும் விழும். மோட்டார் சுவிட்ச் எதிரே டீக்கடை வைத்திருந்த பாயின் பொறுப்பில் இருந்தது.

எனக்கு ஏழு வயதில், நைனா போன படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. கூடப் போன இருவர் நீந்திக் கரையேறினார்கள். எட்டு நாள் தேடியும் நைனாவின் உடல் கிடைக்கவில்லை. இப்படி ஆனால் கரையில் மணலை ஆள்போலக் குவித்து, இறந்தவரின் சட்டையைப் போர்த்திச் சடங்கை முடிப்பது எங்கள் குப்பத்து வழக்கம். மறுநாளே முடித்துவிடலாம் என்றார்கள் பெரியவர்கள்.

"மணலுக்குத் தண்ணி ஊத்துனா கரைஞ்சிடும்க்கா. எப்டி குளிப்பாட்டறது?" என்று பெரியம்மாவிடம் கேட்டாள் அம்மா.

அன்று மத்தியானம் தம்பியைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, அம்மா என்னை ஷேர் ஆட்டோவில் பஜாருக்குக் கூட்டிப்போனாள். மடியில் ஒரு குடம் தண்ணீர், பையில் எண்ணெயும் சீயக்காயும்.

நீரூற்றுத் தொட்டி காய்ந்து, டீ கப்புகளாகக் கிடந்தது. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, குப்பையைக் காலால் ஒதுக்கிவிட்டு, என்னை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. நைனாவுக்கு எண்ணெய்க் குளியல் என்றால் ஏதோ பண்டிகை வருகிறது என்று நினைத்தேன்.

நான் உள்ளங்கையில் எண்ணெய் வாங்கியதும் அம்மா என் கையைத் திருப்பினாள்.

"பொறங்கையால வை."

வைத்தேன். சிமெண்ட் சொரசொரவென்று இருந்தது. உள்ளங்கை கீறிவிடும் என்றுதான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

குடம் சீக்கிரமே காலியாகிவிட்டது. சீயக்காய் அந்தக் காதுப் பிளவில் அப்படியே தங்கியிருந்தது. பாய் கடையிலிருந்து இறங்கி வந்தார்.

"இன்னாம்மா பண்றே?"

"குளிப்பாட்டறேன் பாய். நாளைக்கு எடுக்கறோம்."

பாய் திரும்பிப் போய் சுவிட்சைப் போட்டார். முதலில் துருத்தண்ணீர் வந்தது, பிறகு நல்ல தண்ணீர். நைனாவின் தலையிலும் எங்கள் மேலும் கொட்டியது. அம்மா அந்தக் காதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு அதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த எட்டு நாளில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, தம்பிக்குத் தலைக்கு ஊற்ற எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் உதவியாக இருக்கட்டும் என்று, அவள் சொல்லிக்கொடுத்தபடியே, புறங்கையால் அவன் தலையில் எண்ணெய் வைத்தேன். திரும்பி வந்தவள் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். தம்பியை வாரி எடுத்து, முந்தானையால் அவன் தலையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "உசுரோட இருக்கற புள்ளைக்கு..." என்று முனகினாள்.

"நீதானம்மா நைனாவுக்கு இப்டி வெக்கச் சொன்னே?"

அம்மா கிண்ணத்து எண்ணெயைத் தன் உள்ளங்கையில் ஊற்றித் தம்பியின் உச்சியில் வைத்தாள். தம்பியின் தலை மெத்தென்று இருக்கிறது, அதற்கு உள்ளங்கையே போதும் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.