மாஸ் பங்க்குக்கு முன் அனுமதி

விமானப்படையில் இருபது ஆண்டுகள் முடித்து ஓய்வுபெற்றதும், தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் முதுகலை இதழியல் சேர்ந்தேன். முன்னாள் படைவீரர் என்பதால் கட்டணச் சலுகை உண்டு. துறைத் தலைவரின் அனுமதி இல்லாமல் ஒரு நாள் வராவிட்டாலும் சலுகை போய்விடும் என்றார்கள். எனக்கு அது ஒரு நிபந்தனையாகவே தோன்றவில்லை.

முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. பின்னால் யாரோ அதிகாரி வருகிறார் என்று நானும் ஒதுங்கி விறைத்து நின்றேன். யாரும் வரவில்லை. நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் உட்கார்ந்தார்கள். நான் பேராசிரியர் இல்லை என்று தெரிந்ததும், வேவு பார்க்க நிர்வாகம் வைத்த ஆள் என்று முடிவு கட்டினார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு மழையைப் பற்றியதாகிவிடும். கான்டீனில் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

இப்படியே சில வாரங்கள் போயின. ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்புத் தலைவியான அனகாபுத்தூர்ப் பெண் முதன்முதலாக என்னிடம் வந்து பேசினாள். வியாழக்கிழமை மாஸ் பங்க். ஒருவர்கூட வகுப்புக்கு வரக் கூடாது.

"நீங்க மட்டும் வந்து ஒக்காந்துட்டீங்கன்னா நாங்க எல்லாரும் காலி அண்ணா."

சேர்ந்துகொள்வதாகச் சொன்னேன். கூட்டாளிகளைக் கைவிடுவது தவறு. அனுமதியில்லாமல் வராமலிருப்பதும் தவறு. இரண்டையும் தவிர்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மறுநாள் காலை துறைத் தலைவரின் அறையில் போய் நின்றேன். அவர் என்னைவிடச் சில வயது இளையவர்.

"மேடம், நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும்."

"என்ன விஷயம்?"

"மாஸ் பங்க், மேடம்."

அவர் பேனாவை மூடி வைத்தார். எத்தனை பேர் என்று கேட்டார். எல்லோரும் என்றேன். கொஞ்ச நேரம் நாட்காட்டியைப் பார்த்தார். வியாழக்கிழமை கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வருகிறதாம். வெள்ளிக்கிழமை அவருக்கே கீழ்க்கட்டளையில் ஒரு கிரகப்பிரவேசம்.

"வெள்ளிக்கிழமைக்கு மாத்திக்கச் சொல்லுங்க சார். நான் எதுவும் கேக்க மாட்டேன்."

வகுப்பின் முன் நின்று, மாஸ் பங்க் ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டிருப்பதாக அறிவித்தேன். யார் தள்ளிவைத்தது என்று கேட்டார்கள். சொன்னேன்.

"இன்னாண்ணா இது," என்றான் ஜன்னலோரப் பையன் ஒருவன். "மேடமாண்டயேவா போய் சொன்ன?"

வகுப்புத் தலைவி முகத்தை மூடிக்கொண்டாள். இனி என்னோடு யாரும் மழையைப் பற்றிக்கூடப் பேசமாட்டார்கள் என்று நினைத்தேன். அப்போது அவன் தொடர்ந்தான்: "அப்ப வெள்ளி, சனி, ஞாயிறு. மூணு நாளுடா."

வியாழக்கிழமை நிறைந்த வகுப்பைப் பார்த்த குழு பாராட்டிவிட்டுப் போனது. வெள்ளிக்கிழமை ஒருவரும் போகவில்லை. துறைத் தலைவரும்தான். என் விடுப்பு மட்டும் முறைப்படி அனுமதிக்கப்பட்டிருந்தது.

திங்கட்கிழமை என் பெஞ்சைச் சுற்றி உட்கார இடமில்லை. இன்டர்னல் தேர்வை ஒரு வாரம் தள்ளிவைக்க வேண்டுமாம். அண்ணன்தான் போய்க் கேட்க வேண்டும் என்று எல்லோரும் கை தூக்கினார்கள்.

போய்க் கேட்டேன். இரண்டு நாள் கிடைத்தது.