சன்னல் பக்கம் பார்க்கிற முகம்

"...புத்தகத்துல இருக்கிற தாத்தா எங்கேயோ பாக்குறாரு, நீ வரைஞ்ச தாத்தா என்னையே முறைக்கிறாரு லா. உங்க அத்தானையும் இப்படித்தான் வரையப் போறியா தம்பி?" என்றார் அக்கா.

துறைமுகத்தில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன். சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை.

அத்தான் தவறி அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம், தலைத்திவசம். அதற்குள் கூடத்தில் மாட்ட அவர் படம் ஒன்று வேண்டும் அக்காவுக்கு. கேமராவைக் கண்டாலே எழுந்து போகிற மனிதர். இருப்பது அடையாள அட்டைப் படம் மட்டும்தான். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறார் என்று அக்காவே மூடி வைத்துவிட்டார். கோயில் திருவிழாவுக்குச் சாமி படம் எழுதுகிற தம்பிதானே என்று என்னிடம் வந்தார்.

சாமி வேறு, மனுஷன் வேறு. நான் யாரிடமும் போய்ப் படித்தவனில்லை. பழைய எண்ணெய் ஓவியம் ஒன்றை அப்படியே பார்த்து எழுதினால் முகம் பிடிபடும் என்று கேள்விப்பட்டு, புத்தகத்திலிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவரைப் பிடித்துக்கொண்டேன். பினாங்கு ஈரத்தில் சாயம் காய்வேனா என்றது. நிழலுக்குப் பச்சை கொஞ்சம் கூடிப்போன அன்று எதிர்வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து, தாத்தாவுக்கு டெங்கியா என்று அக்கறையாக விசாரித்தார். எல்லாவற்றையும் ஒருவழியாகச் சரிசெய்தேன், கண்ணைத் தவிர. துடைத்துத் துடைத்து எழுதியும் ஏதோ உதைத்தது.

அக்கா சொன்ன பிறகுதான் விளங்கியது. சாமி, கும்பிட வந்தவரைப் பார்க்கவேண்டும். சாமி படத்தில் கடைசியாகக் கண் எழுதித் திறக்கும்போது நேராகத்தான் திறப்போம். கிழவருக்கும் என் கை அதையே செய்திருக்கிறது. அத்தானுக்கும் அதைத்தான் செய்யும்.

"முடியலக்கா. கடையில குடுத்து கம்ப்யூட்டர்ல செஞ்சுக்குவோம்" என்று தூரிகையைத் துடைக்கத் தொடங்கினேன்.

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. "நான் பேசுனா அவரு என்னைக்கு என் முகத்தப் பாத்தாரு? சன்னலத்தான் பாப்பாரு. ஆனா ஒண்ணு விடாம கேட்டுக்குவாரு" என்றார்.

பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தார். அத்தான் வைப்பது போலவே ஒரு கையை முட்டி மேல் வைத்து, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, அசையாமல் இருந்தார்.