இரண்டு மின்னஞ்சல்கள்

மோட்டார் சைக்கிள்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு மண்டூருக்கு வாவியைக் கடக்கும் 'பாதை' என்ற மிதவைப் படகில் அந்த அம்மாவை ஒரே ஒருமுறை பார்த்தேன். மெலிந்தவர். கைப்பேசியைச் சேலைத் தலைப்பால் துடைப்பதும் மடியில் வைப்பதும் மறுபடி எடுத்துத் துடைப்பதுமாக இருந்தார். நடு வாவியில் அதை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, ரெண்டு ஈமெயில் இருக்கு. ரெண்டும் பேங்க் அனுப்பின மாதிரித்தான். எது கள்ளமெண்டு பாருங்க."

முதலாவதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"இதுதான் அம்மா. உங்கட பேர் இல்லாம 'அன்பான வாடிக்கையாளரே' எண்டு இருக்கு. அனுப்பின முகவரியும் பேங்கிட இல்ல. கடவுச்சொல்லையும் கேக்கிறாங்க. பேங்க் ஒருநாளும் அதைக் கேக்காது."

"ஓம். எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்றார். முகத்தில் அசைவே இல்லை.

இரண்டாவதை வாசித்தேன். அது உண்மையாகவே வங்கி எழுதியது. கடவுச்சொல்லை நீங்களே கொடுத்திருப்பதால், போன பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று இருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அந்தக் கள்ள ஈமெயிலை அழிச்சுப் போடுங்களேன் அம்மா. ஏன் வச்சிருக்கிறீங்க?"

படகு கரையில் முட்டியது. எல்லோரும் எழுந்தார்கள். அவர் திரையை இன்னொருமுறை துடைத்தார்.

"இதிலதான் தம்பி, என்ட காசு பத்திரமா இருக்கெண்டு எழுதியிருக்கு."

குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இப்போதும் அப்படி மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுகிறேன். ஆனால், அழிக்குமுன் அதைக் கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறேன்.